கடைமடைக்கும் கரண்ட் போகணும்!
வயலுக்கு வரும் வைஃபை போர்டுகளுக்கு மின்சாரம் கொடுப்பதும் கம்பி இழுப்பதும்

இயற்கை விவசாயத்துக்கும் வைஃபைக்கும் என்னங்க சம்பந்தம்? நியாயமான கேள்விதான். மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்த்து ஈரம் சொல்லும் கைக்கு எந்தக் கருவியும் ஈடாகாது. ஆனால் அந்தக் கை ஒரே நேரத்தில் எருக்குவியலிலும், மேட்டுக்காட்டிலும், விதை அறையிலும் இருக்க முடியாது. நடுராத்திரியில் குவியல் எவ்வளவு சூட்டில் இருக்கிறது, மூடாக்குப் போட்ட பாத்தி எத்தனை நாள் ஈரம் தாங்குகிறது என்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வைத்தால் நமக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்! அந்தக் கணக்கப்பிள்ளை வேலைக்குத்தான் இந்தச் சின்ன போர்டு.

இந்த வேலையைச் செய்து தருகிறோம் என்று கம்பெனிகளும் வருகின்றன. கருவி அவர்களுடையது, சந்தா வருடா வருடம், நம் நிலத்தின் கணக்கோ அவர்கள் கம்ப்யூட்டரில். விதையைக் கைநழுவ விட்டுவிட்டுக் கடைக்குக் கடை அலைந்த பாடம் நமக்கு இருக்கிறது. ஆகவே இந்தச் சின்னக் கருவியையாவது நாமே கட்டி, நாமே பழுது பார்க்கக் கற்றுக்கொள்வோம். ஊரில் ஐடிஐ, பாலிடெக்னிக் படித்த பிள்ளைகள் இல்லாத தெரு இல்லை. அவர்களைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிரல் எழுதுவது பற்றி இங்கே பேசப் போவதில்லை. அதற்கு ஆயிரம் காணொளிகள் கிடைக்கின்றன. "நேத்து நல்லா ஓடுச்சுங்க, இன்னைக்குத் தானா நின்னு நின்னு வருது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை நிரலால் வருவதில்லை. கரண்ட் போதாமல் வரும். இல்லையென்றால் கம்பி தவறாக மாட்டியதால் வரும். அதை மட்டும் பார்ப்போம்.

எந்த போர்டு?

சீனாவின் ஷாங்காய் நகரத்து எஸ்பிரசிஃப் நிறுவனம் 2014-ல் ஈஎஸ்பி8266 என்ற சிப்பைக் கொண்டுவந்தது. 2016-ல் அதன் தம்பி ஈஎஸ்பி32 வந்தது. சிறு கணிப்பொறியும் வைஃபையும் ஒரே சிப்பில் அடக்கம். இந்தச் சிப்பை வைத்து, யூஎஸ்பி துளையோடு, வரிசையாகக் கால்கள் வைத்து விற்கும் போர்டுகள்தான் நோட்எம்சியு, டி1 மினி, ஈஎஸ்பி32 டெவ்கிட் போன்றவை. சில நூறு ரூபாயில் கிடைக்கும். இவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் பார்க்கும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் அதையும் 2.4-ல் வைக்க வேண்டும்.

3.3 வோல்ட்: முதல் பாடம்

இந்தச் சிப்பின் சாப்பாடு 3.3 வோல்ட். 3.6-க்கு மேல் போனால் ஆபத்து. போர்டுக்குள் கரண்ட் நுழைய மூன்று வாசல் இருக்கிறது.

ஒன்று, யூஎஸ்பி துளை. சாதாரண போன் சார்ஜரின் 5 வோல்ட் இதில் போகும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுவே நல்ல வழி.

இரண்டு, விஐஎன் அல்லது 5வி என்று எழுதிய கால். இங்கேயும் 5 வோல்ட்தான். போர்டில் இருக்கும் ரெகுலேட்டர் அதை 3.3 ஆகக் குறைத்துச் சிப்புக்குக் கொடுக்கும். 12 வோல்ட் பேட்டரியை நேராக இதில் மாட்டுகிறார்கள். மீதி 8.7 வோல்ட் முழுவதும் ரெகுலேட்டரில் சூடாகத்தான் கழியும். தொட்டால் சுடும், கொஞ்ச நாளில் கருகும். 12 வோல்ட்தான் இருக்கிறது என்றால், அதை 5 ஆக்கும் பக் கன்வர்ட்டர் ஒன்றை நடுவில் வையுங்கள். போர்டை மாட்டும் முன் அதன் திருகைத் திருப்பி, மல்டிமீட்டரில் 5 என்று வருகிறதா எனப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

மூன்று, 3வி3 என்ற கால். இங்கே காவல்காரன் யாரும் இல்லை. கொடுப்பது நேரே சிப்புக்குப் போகும். இதில் 5 வோல்ட் கொடுத்தால் போர்டு அந்த நொடியே போய்விடும்.

இரண்டு வாசலில் ஒரே நேரத்தில் கரண்ட் கொடுக்க வேண்டாம். யூஎஸ்பி-யில் லேப்டாப்பை மாட்டும்போது வெளிக் கரண்ட்டைக் கழற்றி வையுங்கள். எல்லா போர்டிலும் எதிர்ப்போக்கைத் தடுக்கும் டயோடு இருப்பதில்லை.

அடுத்தது ஆம்பியர். சும்மா இருக்கும்போது 70, 80 மில்லி ஆம்பியரில் அமைதியாக ஓடும் போர்டு, வைஃபையில் செய்தி அனுப்பும் கணத்தில் 300-ஐத் தாண்டியும் இழுக்கும். கண் சிமிட்டும் நேரம்தான். அந்தக் கண நேரத்தில் வோல்ட் சரிந்தால் சிப் மயங்கி விழுந்து மறுபடி எழுந்திருக்கும். "நின்னு நின்னு வருது" என்பதன் காரணம் இதுதான். 500 மில்லி ஆம்பியராவது தரக்கூடிய சார்ஜர் வேண்டும். 1 ஆம்பியர் என்று எழுதிய பழைய போன் சார்ஜரே போதும்.

இதோடு 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை 3வி3 காலுக்கும் ஜிஎன்டி காலுக்கும் நடுவில், போர்டுக்கு மிக அருகில் வையுங்கள். போர் தண்ணீர் குறைவாக வந்தாலும் தொட்டியில் தேக்கி ஒரே மூச்சில் திறந்துவிடுகிறோம் அல்லவா, அந்தத் தொட்டி வேலையைத்தான் இது செய்கிறது. கெபாசிட்டரில் கோடு போட்ட பக்கம் மைனஸ். அது ஜிஎன்டி-க்குத்தான் போக வேண்டும். மாற்றி மாட்டினால் வெடிக்கும்.

கம்பியும் வாய்க்கால்தான்

தலைமடையில் நிறையத் தண்ணீர் விட்டாலும் வாய்க்கால் குறுகலாக இருந்தால் கடைமடைக்கு எட்டாது. கம்பியும் அப்படியே. ஒரு கணக்குப் பார்ப்போம்.

வீட்டுச் சுவரில் 5 வோல்ட் சார்ஜர். அங்கிருந்து 20 மீட்டர் தள்ளி எருக்குழி. போக 20, வர 20 என்று கரண்ட் ஓடும் தூரம் 40 மீட்டர். 0.2 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இந்தத் தூரத்துக்குத் தடை சுமார் 3.4 ஓம். 300 மில்லி ஆம்பியர் இழுக்கும் கணத்தில் 1 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். போர்டுக்குப் போய்ச் சேர்வது 4 வோல்ட். நோட்எம்சியு-வில் பரவலாக இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டருக்கு 3.3-க்கு மேல் ஒரு வோல்ட்டுக்கும் கூடுதலாக வேண்டும், அதாவது 4.5 பக்கம் தேவை. எப்படி ஓடும்?

அதே தூரத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் வீட்டு ஒயரைப் போட்டால் தடை 0.7 ஓம் அளவுதான். இழப்பு 0.2 வோல்ட். கவலையே இல்லை. தூரம் இன்னும் கூடினால் 12 வோல்ட்டாக அனுப்பி, கடைமடையில், போர்டுக்குப் பக்கத்தில் 5 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். மலிவு விலை யூஎஸ்பி கேபிள்களில் உள்ளே முடி போன்ற கம்பிதான் இருக்கும். போர்டு மக்கர் செய்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கம்பி நீளம் பற்றிச் சந்தேகம் வந்தால் சார்ஜர் முனையில் அளக்காதீர்கள். போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, போர்டின் காலில் மல்டிமீட்டரை வைத்து அளங்கள். அங்கே வரும் எண்தான் உண்மை.

எந்தக் காலில் எதை மாட்டுவது?

எல்லாக் காலும் ஒன்றுபோல் தெரியும். குணம் வேறு வேறு. நோட்எம்சியு, டி1 மினி போர்டுகளில் டி1, டி2 இரண்டும் சாதுவான கால்கள். டி5, டி6, டி7-ம் நல்லவை. டி3, டி4, டி8 மூன்றும் போர்டு விழிக்கும்போது எப்படி விழிப்பது என்று சிப் கேட்டுப் பார்க்கும் கால்கள். டி3-ம் டி4-ம் அந்த நேரம் உயர்ந்து இருக்க வேண்டும், டி8 தாழ்ந்து இருக்க வேண்டும். அதில் சென்சாரோ ரிலேயோ மாட்டி நிலையை மாற்றிவிட்டால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் போர்டு எழுந்திருக்காது. பகலில் பலமுறை கரண்ட் போகும் ஊர்களில் இது பெரிய தொல்லை.

ஈஎஸ்பி32-ல் ஈரம் போன்ற ஏற்ற இறக்க அளவுகளுக்கு 32 முதல் 36 வரை, 39 ஆகிய கால்களைப் பயன்படுத்துங்கள். 34 முதல் 39 வரை உள்ளவை வாங்க மட்டும்தான் செய்யும், கொடுக்காது. 6 முதல் 11 வரையுள்ள கால்கள் போர்டின் சொந்த நினைவகத்துக்கானவை. அவற்றைத் தொடவே வேண்டாம்.

இந்தக் கால்கள் எல்லாமே 3.3 வோல்ட் கால்கள். தொட்டி மட்டம் பார்க்கும் எச்சிஎஸ்ஆர்04 சென்சார் 5 வோல்ட்டில் பதில் சொல்லும். அந்தப் பதில் கம்பியில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, போர்டின் காலில் இருந்து ஜிஎன்டி-க்கு 2 கிலோ ஓம் போட்டால் 5 வோல்ட் 3.3 ஆக இறங்கிவிடும். இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து சில ரூபாய். போர்டின் உயிர் அதில் இருக்கிறது.

இன்னொன்று: சென்சாருக்குத் தனிக் கரண்ட் கொடுத்தாலும், அதன் ஜிஎன்டி-யும் போர்டின் ஜிஎன்டி-யும் இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சென்சார் சொல்வது போர்டுக்குப் புரியாது.

முதல் வேலை: எருக்குவியல் சூடு

தொடக்கத்துக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. வீட்டுக் கரண்ட்டைத் தொட வேண்டாம், பலனும் உடனே தெரியும். குவியலின் நடுவே 55 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறிச் சில நாள் நின்றால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். 70-ஐத் தொட்டால் நமக்கு வேலை செய்யும் நுண்ணுயிர்களே செத்துப்போகும். ஆகவே எப்போது புரட்டிப் போடுவது என்பதைச் சூடுதான் சொல்ல வேண்டும்.

டிஎஸ்18பி20 என்ற சென்சார், துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் அடைத்து, நீண்ட கேபிளோடு கிடைக்கும். மூன்று கம்பி. சிவப்பு 3வி3-க்கு, கறுப்பு ஜிஎன்டி-க்கு, மஞ்சள் டி2-க்கு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம். அதை விட்டுவிட்டால் சென்சார் பேசாது. சில கேபிள்களில் நிறம் மாறி வரும்; விற்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு கரண்ட் கொடுங்கள்.

இந்தச் சென்சார் ஒவ்வொன்றுக்கும் ஆலையிலேயே தனி எண் கொடுத்திருக்கிறார்கள். அதனால் குவியலின் அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என மூன்றையும் அதே டி2 காலில் சேர்த்து மாட்டலாம். ரெசிஸ்டர் ஒன்றே போதும். எருவின் ஈரமும் சாறும் இணைப்புகளை அரித்துவிடும். முறுக்கி டேப் சுற்றியது ஒரு மாதம்கூடத் தாங்காது. ஈயப்பற்று வைத்து, சுருங்கு குழாய் போட்டு, இணைப்பைக் குவியலுக்கு வெளியே வையுங்கள்.

இரண்டாவது வேலை: மூடாக்கின் கணக்கு

"மூடாக்குப் போட்டா ஈரம் நிக்கும்" என்று நாம் சொல்கிறோம். பக்கத்துத் தோட்டக்காரர், "எத்தனை நாளுங்க?" என்று கேட்டால் எண்ணில் பதில் சொல்ல இந்த போர்டு உதவும். மூடாக்குப் போட்ட பாத்தியில் ஒரு சென்சார், போடாத பாத்தியில் ஒன்று. ஈஎஸ்பி8266-ல் இதற்கான கால் ஒன்றுதான் இருப்பதால் ஈஎஸ்பி32 எடுத்துக்கொண்டு 32, 33 கால்களில் மாட்டுங்கள்.

சென்சார் வாங்கும்போது கவனம் வேண்டும். இரண்டு உலோகப் பல் வெளியே தெரியும் மலிவுச் சென்சார் மண்ணுக்குள் கரண்ட் ஓடுவதால் சில வாரங்களில் அரித்துப் போகும். உலோகம் மண்ணில் கலக்கும். நமக்கு அது ஆகாது. கெபாசிட்டிவ் என்று கேட்டு வாங்குங்கள். அதன் தலைப்பக்கத்து மின்பாகங்களுக்கும் விளிம்புகளுக்கும் எபாக்ஸி அல்லது நெயில் பாலீஷ் இரண்டு பூச்சுப் பூசிவிட்டுப் புதைக்க வேண்டும்.

அது காட்டும் எண் ஈரத்தின் சதவீதம் கிடையாது. காய்ந்த மண்ணில் எவ்வளவு, நன்றாகப் பாய்ச்சி வடிந்த மண்ணில் எவ்வளவு என்று உங்கள் மண்ணிலேயே இரண்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செம்மண்ணில் குறித்த எண் கரிசலுக்கு உதவாது.

பேட்டரி: தூங்கத் தெரிந்த போர்டே பிழைக்கும்

வீட்டுக் கரண்ட் எட்டாத இடத்தில் பேட்டரிதான். எப்போதும் விழித்திருக்கும் போர்டு சராசரி 80 மில்லி ஆம்பியர் சாப்பிடும். 2500 எம்ஏஎச் 18650 செல் 31 மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

ஆனால் எருவின் சூட்டை நொடிக்கு நொடி பார்க்க வேண்டிய அவசியம் இல்லையே! 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, 5 விநாடியில் அளந்து அனுப்பிவிட்டுத் தூங்கட்டும். ஒரு நாளைக்கு 96 முறை, மொத்த விழிப்பு 480 விநாடி. செலவு 11 எம்ஏஎச் அளவுதான். கணக்குப்படி அதே செல் 200 நாளுக்கு மேல் வர வேண்டும். ஈஎஸ்பி8266 ஆழ்ந்த தூக்கத்தில் இருந்து தானாக எழ டி0 காலையும் ஆர்எஸ்டி காலையும் ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். நிரல் ஏற்றும்போது மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள்.

இங்கே ஒரு திருட்டு நடக்கும். சிப் தூங்கினாலும் போர்டில் உள்ள ரெகுலேட்டர் தூங்காது. ஏஎம்எஸ்1117 சும்மா இருக்கும்போதே 5 மில்லி ஆம்பியர் அளவுக்குச் சாப்பிடும். நாளுக்கு 120 எம்ஏஎச். 200 நாள் வர வேண்டிய செல் 19 நாளில் காலி. பிள்ளைகளுக்குப் பற்றவைக்கத் தெரியும் என்றால், வெறும் ஈஎஸ்பி மாட்யூலை வாங்கி, சில மைக்ரோ ஆம்பியரில் ஓடும் எச்டி7333 போன்ற ரெகுலேட்டரையும் பெரிய கெபாசிட்டரையும் போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

சூரிய ஒளியில் சார்ஜ் செய்ய 5 வோல்ட் சிறு பேனலும், பாதுகாப்புச் சுற்று உள்ள டிபி4056 சார்ஜர் போர்டும் போதும். இது 4.2 வோல்ட் வரை ஏற்றும் சாதாரண லித்தியம் அயான் செல்லுக்கானது. 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லை இதில் போட்டால் அளவுக்கு மீறி ஏறிக் கெட்டுப்போகும். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. நம் சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். பேனல் வெயிலில், செல் நிழலில் இருக்கட்டும். உப்பிய செல்லை, பழைய லேப்டாப்பில் பிரித்த அடையாளம் தெரியாத செல்லை வயலுக்குக் கொண்டுபோக வேண்டாம். காய்ந்த சருகு நிறைந்த இடம் அது.

மோட்டார் பக்கம் போகும் முன்

இந்த போர்டு கையில் கிடைத்ததும் எல்லாருக்கும் வரும் முதல் ஆசை, "மோட்டாரை இதுலயே போட்டு நிறுத்திடலாமே!" என்பதுதான். பொறுங்கள்.

நீல நிறச் சிறு ரிலேயின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று எழுதியிருக்கும். நம் கிணற்றில் வருவது மும்முனை 415 வோல்ட். 5 எச்பி மோட்டார் ஓடும்போதே 7, 8 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு. மோட்டாரை இந்த ரிலே தாங்கவே தாங்காது. "ஸ்டார்ட்டர் காயிலை மட்டும்தானே மாட்டுறேன்" என்பார்கள். பல ஸ்டார்ட்டர்களில் அந்தக் காயிலே இரண்டு பேஸுக்கு நடுவில் 415-ல்தான் ஓடுகிறது. ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் நிற்காது. இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம், அதற்கென்று வரும் பொருளைக் கொண்டு செய்துகொள்ளுங்கள்.

தண்ணீர் வருகிறதா என்று அறிய மின்சாரத்தைத் தொட வேண்டியதே இல்லை. தொட்டியில் ஒரு மிதவைச் சுவிட்ச் வையுங்கள். அதன் இரண்டு கம்பியில் ஒன்று டி2, ஒன்று ஜிஎன்டி. காலின் உள் ரெசிஸ்டரை நிரலில் இயக்கிவிட்டால் போதும். தொட்டி நிறைந்தது வீட்டில் இருந்தே தெரியும். ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு, பாம்புக்கும் பூரானுக்கும் நடுவே வரப்பில் நடப்பது பாதியாகக் குறையும்.

இன்னொரு எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், ஒரு கெபாசிட்டரையும் நாலைந்து உதிரிகளையும் வைத்து 230 வோல்ட்டை 5 ஆக்கும் சுற்றுப்படங்கள் உலவுகின்றன. மீட்டரில் 5 வோல்ட் என்றுதான் காட்டும். ஆனால் அந்த 5 வோல்ட் கம்பியே வீட்டு மின்சாரத்தோடு நேராகத் தொடர்பில் இருக்கும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று சென்சாரைத் தொடுகிறவருக்கு அது எமன். நல்ல போன் சார்ஜரில் உள்ளே இரண்டும் பிரிந்திருக்கும். அதையே பயன்படுத்துங்கள்.

பெட்டி, மழை, எறும்பு

போர்டைப் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். தகரப் பெட்டிக்குள் வைத்தால் வைஃபை வெளியே வராது. கம்பிகள் பெட்டியின் அடியில் இருந்து நுழையட்டும். நுழையும் முன் கம்பியைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்தால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மீதித் துளைகளை அடைத்துவிடுங்கள். எறும்பும் பல்லியும் கதகதப்பான இடம் தேடி வரும்.

இலையில் தண்ணீர் இருப்பதால் அடர்ந்த கரும்பும் வாழையும் அலையைக் குடித்துவிடும். பெட்டியைப் பயிர் உயரத்துக்கு மேலே, கம்பத்தில் கட்டுங்கள். நீளமாக இழுத்த கம்பி இடி மின்னல் நேரத்தில் அதிர்வை வாங்கி போர்டுக்குள் கொண்டுவரும். வானம் கறுத்தால் கழற்றி வைப்பது நல்லது.

கணக்கு நம் வீட்டில் இருக்கட்டும்

இணையம் இல்லாத காட்டிலும் இந்த போர்டு வேலை செய்யும். போர்டே ஒரு வைஃபையைக் கிளப்பும்படி நிரல் எழுதலாம். நீங்கள் பக்கத்தில் போய்ப் போனை அதோடு இணைத்து, பிரவுசரில் 192.168.4.1 என்று போட்டால் அளவுகள் தெரியும். சந்தா இல்லை, சிம் இல்லை, எந்தக் கம்பெனியின் சர்வரும் இல்லை. ஆர்டுயினோ, டாஸ்மோட்டா, ஈஎஸ்பிஹோம் போன்ற நிரல் கருவிகள் எல்லாருக்கும் பொதுவாகத் திறந்து வைக்கப்பட்டவை. நம் மண்ணின் ஈரக் கணக்கு நம் வீட்டு நோட்டில், நம் குழுவின் கையில் இருக்கும். தேவைப்படுகிறவருக்கு நாம் விரும்பிக் கொடுப்போம்.

மாட்டும் முன் ஒருமுறை பாருங்கள்: மல்டிமீட்டர் கையில் இருக்கிறதா? பிளஸ், மைனஸ் சரியா? 3வி3 காலில் 3.3-க்கு மேல் எதுவும் போகவில்லையே? ஜிஎன்டி எல்லாம் சேர்ந்திருக்கிறதா? முதல் ஒரு வாரம் வீட்டுத் திண்ணையில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு வயலுக்கு எடுத்துப் போங்கள்.

ஒரு குழுவுக்கு ஒரு போர்டு, ஒரு மல்டிமீட்டர், ஒரு ஈயப்பற்றுக் கோல் இருந்தால் தொடங்கிவிடலாம். எருக்குவியலில் இருந்து ஆரம்பியுங்கள். பத்து நாள் சூட்டைக் குறித்து வைத்து, நீங்கள் கைவைத்துச் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். என்ன தெரிந்தது என்பதை நமக்கும் எழுதுங்கள்.